தாம்பாளத்தில் வராத சாவி

உட்காருங்க. அந்த ஓரத்தில் வேண்டாம், பெஞ்சு ஆடும். நான் காலையிலேயே அங்கே உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். சைபர் கிரைம் போலீஸ் என்று வெளியே பளபளவென்று போர்டு. உள்ளே ஒரு பெஞ்சுக்குக் கால் சரியாக இல்லை.

உங்களுக்கு என்ன போச்சு? பேங்க்கிலா? லிங்க் வந்ததா? தொட்டீங்களா?

யாராவது தொடுவார்களா அய்யா! பார்த்தால் படித்த ஆள் மாதிரி இருக்கீங்க. முன்பின் தெரியாதவன் அனுப்புகிறான், நீங்களும் தொடுகிறீர்கள். அப்புறம் இங்கே வந்து வரிசையில் உட்கார வேண்டியதுதான். சரி விடுங்க. போனது போச்சு.

என் விஷயம் வேறே. எனக்கு ஒன்றும் போகவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. என்னைத்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். என் பட்டறைக்குள் என்னையே.

சாயப்பட்டறை. அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். கருப்பணன் டையிங் என்று கேட்டால் பேக்கரிக்காரன்கூட வழி சொல்வான். கருப்பணன் நான்தான். துணி வெள்ளையாக உள்ளே வரும், பார்ட்டி கேட்ட நிறத்தில் வெளியே போகும். அவ்வளவுதான் தொழில். ஆனால் அந்த நிறம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம். துணி வாங்குகிற ஒவ்வொரு பையருக்கும் தனித்தனி ஷேடு. எந்தச் சாயம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அடுத்த வருஷம் கோடைக்கு வெளிநாட்டுக் குழந்தைகள் என்ன கலரில் சட்டை போடப் போகின்றன என்று இன்றைக்கே எங்கள் லேபில் இருக்கும். வெளியே தெரிந்தால் போச்சு. அவன் கடையில் தொங்கும் முன்னால் இன்னொருத்தன் கடையில் தொங்கும்.

அதனால் நான் பூட்டில் கெட்டி. எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படி. லேபில் கம்ப்யூட்டர் இருந்தது, அது இருந்த அறைக்குப் பூட்டு, அறைக்கு வெளியே கிரில் கேட், அதற்கொரு பூட்டு. சாவி இங்கே, இடுப்பில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன். பெண்டாட்டி இருந்தவரைக்கும் சிரிப்பாள்.

அப்புறம் மருமகள் வந்தாள். தாரணி. கோபிப் பக்கம். கம்ப்யூட்டர் படிப்பு. பையன் பூபதி தையல் யூனிட்டைப் பார்க்கிறான், அவனுக்குச் சாயம் ஆகாது, தும்முவான். இவள் பட்டறைக்கு வருகிறேன் மாமா என்றாள். சரி, வா என்றேன். குறை சொல்லக் கூடாது, வேலை தெரிந்தவள். லேபில் இருக்கிற பையன்கள் எல்லாம் அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே போவார்கள்.

ஒரு மழைக்கு லேபில் தண்ணீர் ஏறியது. கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. ஷேடு கணக்கில் பாதி போச்சு. இவள் அன்றைக்கே ஆரம்பித்தாள். கிளவுடு. எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாம் மாமா, தண்ணி வந்தாலும் தீ வந்தாலும் பயமில்லை.

"அது எங்கே இருக்குது?"

"அது ஒரு இடத்துல இருக்கிறதில்லீங்க மாமா. பெரிய பெரிய கட்டடத்துல, பல ஊர்ல இருக்குது."

"அங்கே வாட்ச்மேன் யாரு?"

சிரித்தாள். நான் சிரிப்பதற்குக் கேட்கவில்லை. வாட்ச்மேன் யார் என்று தெரியாத கட்டடத்தில் என் ஷேடைக் கொண்டுபோய் வைப்பதா? நாள் கணக்கில் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன். முதலாளி யாரோ அவன் நம்பரில்தான் எல்லாம் நடக்க வேண்டும். உள்ளே போகிற எவனும் என்னைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

"சரிங்க மாமா. ஓனர் கணக்கு உங்க நம்பர்லயே இருக்கட்டும். ஓடிபி உங்களுக்குத்தான் வரும். ஆனா ஒண்ணு, அதை யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

யாரிடமும் சொல்லாமல் நான் ஒருத்தன் வைத்துக்கொண்டு என்ன செய்ய? உள்ளே போகிறவனுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. எங்கே இருந்தாலும் போன் வரும். அய்யா, நம்பர் வந்திருக்குதுங்களா? வந்திருக்குது, எழுதிக்கோ. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பேன், அங்கிருந்தே சத்தமாகச் சொல்வேன். சாயப்பட்டறையில் மெஷின் சத்தத்தில் காது கேட்காது, கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து இலைக்காரன் கேட்பான், என்னங்க கருப்பணன், சீட்டு நம்பரா என்று. இல்லையப்பா, பட்டறை சாவி என்பேன். மரியாதையாகத்தான் பார்ப்பான்.

இவள்தான் முணுமுணுப்பாள். "மாமா, மெதுவா." "மாமா, எனக்கு மட்டும் சொல்லுங்க." "மாமா, நாச்சிமுத்து அண்ணனுக்குத் தனியா ஒரு பேர் போட்டுத் தந்திருக்கறேன், அவர் உங்க பேர்ல உள்ள வரக்கூடாது."

நாச்சிமுத்து யார் தெரியுமா? என் மேனேஜர். எங்கள் அப்பா எடுத்த ஆள். அவன் என் பேரில் உள்ளே போகாமல் வேறே எவன் போவான்? பாஸ்வேர்டை அவனுக்குச் சொல்லாமல் எனக்கு ஞாபகம் எப்படி இருக்கும்? மறந்தால் அவனைத்தானே கேட்கிறேன்.

இருங்க, கூப்பிடுகிறார்களா? இல்லை, வேறே யாரோ செல்வியாம். உட்காருங்க.

எங்கே விட்டேன்? ஆயுத பூஜை. ஆமாம், அங்கேதான் வர வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வேறே எந்தப் பட்டறையிலும் கிடையாது, எங்கள் அப்பா ஆரம்பித்தது. ஆயுத பூஜையன்று பட்டறையில் ஒரு பூட்டுகூடப் பூட்டியிருக்கக் கூடாது. வாசல் கேட், குடோன், லேப், சாய அறை, பீரோ, மேஜை டிராயர் வரைக்கும் திறந்து போட்டுவிட வேண்டும். அத்தனை சாவியையும் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் முன்னால் வைக்க வேண்டும். மறுநாள் மறுபூஜை முடிந்து கற்பூரம் காட்டின பிறகுதான் சாவியைத் தொடலாம். பூட்டின கதவுக்குள் அம்மன் வரமாட்டாள். இது எங்கள் அப்பா சொன்னது. இத்தனை வருஷத்தில் ஒரு பித்தான் காணாமல் போனதில்லை. ஊரே வரும், பொரி கடலை வாங்கிக்கொண்டு போகும். ஒரு பித்தான் இல்லை.

இந்த வருஷம் தாம்பாளம் வந்தது. எல்லாச் சாவியும் இருக்கிறது. நான் கேட்டேன், "அம்மிணி, அதோட சாவி எங்கே?"

"எதுங்க மாமா?"

"கிளவுடு."

"அதுக்குச் சாவி கிடையாதுங்க மாமா. என்ற லேப்டாப்பை வைக்கறேன். பொட்டு வெச்சுக்கலாம்."

லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தோம். அது சரி. ஆனால் பூட்டு? பூட்டு திறக்கவில்லையே. பட்டறையின் உயிரே அங்கே இருக்கிறது, அது மட்டும் பூட்டிக் கிடக்கிறது. நான் சொன்னேன், இன்றைக்கு ஒரு நாள் திறந்து வை.

"மாமா, அது கதவு மாதிரி இல்லீங்க. அதைத் திறந்தா உலகத்துக்கே திறந்த மாதிரி."

"அம்மன் உலகத்துல இருந்துதானே வரோணும்?"

சிரித்துவிட்டாள். அப்புறம், வேண்டாம் மாமா, விளையாட்டில்லை என்றாள். குழந்தைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு மனசே சரியில்லை. ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார். பூசணிக்காய் ரெடி. எங்கள் அப்பா படம் சுவரிலிருந்து பார்க்கிறது. நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"திற."

"அய்யா, அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை..."

"பட்டறை யாருது?"

"உங்களுதுங்க."

"திற."

ஓடிபி வந்தது. படித்தேன். ஐயர்கூட ஒரு எண்ணை எடுத்துக் கொடுத்தார், என் கண்ணாடி மேஜையில் இருந்தது. நாச்சிமுத்து எதையோ அமுக்கினான். அது கேட்டதாம், நிச்சயமாகவா என்று. அமுக்கு என்றேன். மறுபடியும் கேட்டதாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பரவாயில்லையா என்று. பரவாயில்லை, அதுதான் வேண்டும், அமுக்கு என்றேன். ஒரு மெஷின் முதலாளியைப் பார்த்து எத்தனை தடவை கேட்கும்?

திறந்தது. நாச்சிமுத்து என் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினான். இதைத் தொட்டால் திறக்கும் அய்யா, இதுதான் கதவு என்றான். தொட்டேன். எல்லா ஷேடும் வரிசையாக வந்தது. நீலம், பச்சை, மாம்பழ மஞ்சள். மனசு குளிர்ந்துவிட்டது. கற்பூரம் காட்டினோம்.

வழக்கமாக எங்கள் சங்கத்து ஆட்களைப் பூஜைக்கு வாங்க என்று கூப்பிடுவேன். வாட்ஸப்பில் குரூப் இருக்கிறது. டையிங்காரர்கள், சாயம் சப்ளை பண்ணுகிறவர்கள், ஏஜெண்டுகள், ஊர் ஆட்கள் எல்லாரும் அதில். பூஜை படம் போட்டு, எங்கள் பட்டறைக் கதவு திறந்திருக்கிறது, எல்லாரும் வாங்க என்று எழுதி, அந்தக் கதவையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். திறந்து வைத்துவிட்டுக் கூப்பிடாமல் இருந்தால் என்ன மரியாதை? நிறையப் பேர் கும்பிடு போட்டார்கள். கைகூப்புகிற படம்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? அது வேறே. நீங்கள் தொட்டது எவனோ அனுப்பினது. இது நான் அனுப்பினது.

மறுநாள் மறுபூஜை. தாம்பாளத்திலிருந்து ஒவ்வொரு சாவியாக எடுத்தேன். கேட் சாவி, பூட்டியாச்சு. குடோன், பூட்டியாச்சு. லேப், சாய அறை, பீரோ. தாம்பாளம் காலி. எல்லாம் ஆச்சு என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

கிளவுடுக்குச் சாவி இருந்தால் தாம்பாளத்தில் இருந்திருக்கும். இருந்திருந்தால் கையில் எடுத்திருப்பேன். எடுத்திருந்தால் பூட்டியிருப்பேன். சாவியே இல்லாத பூட்டைச் செய்து வைத்தது யார்? நானா? இதை இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

தீபாவளி போச்சு. கார்த்திகை வந்தது. ஒரு நாள் பெங்களூரிலிருந்து போன். எங்கள் பெரிய பையரோட ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது. குழந்தைத் துணி. பட்டறையில் பாதி மெஷின் அவர்களுக்குத்தான் ஓடுகிறது. அங்கிருந்து பேசின அம்மாள் என்ன சொல்கிறாள் என்றால், அவர்களுடைய அடுத்த கோடை ஷேடெல்லாம் இன்னொரு யூனிட்டின் சாம்பிள் அறையில் தொங்குகிறதாம். அதே மாம்பழ மஞ்சள். பேர்கூட மாற்றவில்லையாம்.

திருட்டு. பச்சைத் திருட்டு. எவன் என்று எனக்குத் தெரியும், குரூப்பில் முதலில் கும்பிடு போட்டவனே அவன்தான். நான் சொன்னேன், வண்டியை எடுங்கடா, போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். தாரணி, இருங்க மாமா என்றாள். அன்றைக்கு முழுக்க லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வெளியே வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்தாள். நாச்சிமுத்துவையும் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எதற்குக் குனிகிறான் இவன் என்று நினைத்தேன்.

மறுநாள் பெங்களூர் அம்மாளோடு வீடியோவில் பேசினாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். தடுப்பு கண்ணாடிதான், எல்லாம் கேட்கும். இங்கிலீஷ். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வரும்.

யார் திறந்தது என்று அந்த அம்மாள் கேட்டாள். இவள் சொன்னாள். நான்தான். என் தப்பு. என் பொறுப்பு.

இந்தக் காதால் கேட்டேன் அய்யா.

அந்த அம்மாள் நல்ல மாதிரி, கத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. யார் திறந்தார்களோ அந்த ஆள் இனிமேல் இதில் கை வைக்கக் கூடாது. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பார்க்கிற வெளிக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். அப்படியானால் ஆர்டர் தொடரும். இல்லாவிட்டால் இந்தக் கோடையோடு சரி. இவள் சரி என்றாள்.

சரி என்று சொன்னவள் என்ன செய்தாள் தெரியுமா? கோயமுத்தூரிலிருந்து ரெண்டு பேரை வரவழைத்து எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். தன் பேரை எடுத்தாள். அதோடு விட்டாளா? என் அறைக்கு வந்தாள்.

"மாமா, உங்க நம்பரையும் எடுத்துட்டேனுங்க."

எனக்குக் காது அடைத்துப் போச்சு. "தப்பு உன்னுதுன்னு நீயே ஒத்துக்கிட்டே. அப்புறம் என்ற நம்பர் எதுக்குப் போகோணும்?"

மேஜையில் என் மாத்திரை டப்பா கிடந்தது, அதை நேராக வைத்தாள். சோத்துப் பையை வைத்தாள். போய்விட்டாள். அன்றைக்குப் போனவள் இன்றைக்கு வரைக்கும் பட்டறைப் பக்கம் வரவில்லை. வீட்டில் எப்போதும் போலத்தான். சாப்பிட வாங்க மாமா, காப்பி வேணுங்களா மாமா. பட்டறை என்ற பேச்சே இல்லை. லேப் பையன்கள் வாசல் வரைக்கும் வந்து, அக்கா எப்ப வருவீங்க என்று கேட்கிறார்கள். நீங்களே பார்த்துக்குங்கடா தம்பி, கோயமுத்தூர்க்காரங்க கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க என்று அனுப்பிவிடுகிறாள். அப்புறம் சமையலறையில் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். அவ்வளவு பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது.

பட்டறையில் ஷேடு ஓடுகிறது. கோயமுத்தூர்க்காரன் ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்திருக்கிறான். நாச்சிமுத்துவுக்கு இருக்கிறது. லேப் பையனுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. கேட்டால், உங்க பேரு லிஸ்டில் இல்லீங்க சார் என்கிறான். சார்! கருப்பணன் டையிங்கில் கருப்பணன் பேரு லிஸ்டில் இல்லை. ஒரு போன் வருவதில்லை. கல்யாணத்தில் பந்தி முடியும் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் நம்பர் கேட்கவில்லை.

பூபதி ஒரு நாள் கேட்டான். "அப்பா, அவ எதுக்கு நான்தான்னு சொன்னான்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"செஞ்சிருப்பா, சொல்லியிருப்பா."

என்னையே பார்த்தான். எழுந்து போய்விட்டான். படிக்க வைத்தது தப்பு.

அதனால்தான் வந்தேன். புகார். மருமகள் பேரில்தான், வேறே யார் பேரில்? வாயால் ஒத்துக்கொண்டவள் அவள்தானே. திறந்தேன் என்று சொல்லிவிட்டு முதலாளியை வெளியே தள்ளிப் பூட்டினால் அது குற்றமா இல்லையா? ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டால் போதும். என் நம்பர் திரும்பி வர வேண்டும்.

உள்ளே இருக்கிற எஸ்.ஐ. அம்மாள் கெட்டிக்காரி. போன வாரம் வந்தபோதே சொன்னாள், அய்யா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க போனைக் கொண்டாங்க, திறந்தது எந்த நம்பரிலிருந்து, என்றைக்கு, எல்லாம் அதில் தெரிந்துவிடும் என்று. கிளவுடு கம்பெனியிடமும் விவரம் கேட்டு வாங்கியிருக்கிறாளாம். இதைச் சொன்னதும் நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. "அய்யா, வேண்டாமுங்க. அதுல பூரா உங்க நம்பர்தானுங்க இருக்கும்."

அதுதானே எனக்கு வேண்டும்! முதலிலிருந்து கடைசி வரைக்கும் என் நம்பர்தான் இருக்கட்டும். பட்டறை யாருடையது என்று போலீஸுக்கே தெரிந்துவிடுமே. முட்டாள் பயல்.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாக.

திறந்தது யாரா? நான்தான் திறந்தேன். இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னேன். பூஜைக்குத் திறந்தேன். திறந்தது நான், திருடினது இன்னொருத்தன், ஒத்துக்கொண்டது அவள். இதில் என்ன குழப்பம் உங்களுக்கு?

நீங்களும் பூபதி மாதிரியே பார்க்கிறீங்க.

...இருங்க. போன். அவள்தான்.

"சொல்லு அம்மிணி. ... பேங்க்கில் இருக்கறேன். ... பேங்க்கில்தான். ... சாப்பிடறேன், சாப்பிடறேன். ... மாத்திரை பையிலயா வெச்சிருக்கே? சரி. ... ஏன், குரல் ஒரு மாதிரி இருக்குது? சளியா? ... சரி, வெய்."

பேங்க்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வரிசை நீளமாக இருக்கும் மாமா என்று சோறு கட்டிக் கொடுத்தாள். தக்காளிச் சாதம். எனக்குக் காரம் ஆகாது, காரம் போடமாட்டாள்.

அது ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. செய்யாத ஆள், நான்தான் செய்தேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? பெங்களூர் அம்மாள் கேட்டபோது கண்ணாடி வழியாக இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

விடுங்க. பெண்பிள்ளைகள் மனசு யாருக்குத் தெரியும்.

கூப்பிடுகிறார்கள். கருப்பணன், ஆமாம், நான்தானம்மா, வருகிறேன். போன் இருக்குது, கொண்டு வருகிறேன். பூட்டெல்லாம் கிடையாதம்மா, என் போனில் பூட்டுப் போடற பழக்கம் இல்லை.

இந்தச் சோத்துப் பையைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்க. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சாப்பிட வேண்டும். வீட்டுச் சாவியும் அதில்தான் இருக்கிறது. உங்கள் பேர் என்னவென்று கேட்கவே இல்லை, பரவாயில்லை. கீழே வைக்காதீங்க, மடியிலேயே வைத்திருங்க.

இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.